தாமதத்துக்குக் காரணம்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. வண்டி தாமதம் என்றால் தாமதம் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்லக் கூடாது. டயர் வெடித்தது, ஓட்டுநர் வரவில்லை, வண்டி எங்கே போனதென்றே தெரியவில்லை என்று உண்மையைப் போட்டு உடைத்தால், பயணிகள் அதைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புக் கூண்டுக்கே வந்துவிடுவார்கள். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தேன் தடவின குரலில் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியின் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, டீயைக் குடிக்கப் போய்விட வேண்டும்.

அவள் அந்தக் கலையில் கரை கண்டவள். அதனால்தானோ என்னவோ மாமியார் அவளுக்கு 'மைக்கு' என்று பெயர் வைத்திருந்தார். "மைக்கு எழுந்தாச்சா, மைக்கு சாப்பிட்டாச்சா" என்று அது வீட்டுக்குள்ளேயே நிலைத்துவிட்டது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து, சொந்தக்காரர்கள் "விசேஷம் ஏதாவது உண்டா" என்று கேட்கும்போதெல்லாம் மைக்கு அதே தேன் குரலில்தான் பதில் சொல்லி வந்தாள். கொஞ்சம் தாமதம். சிரமத்துக்கு வருந்துகிறோம். முதல் வருஷம் எல்லோரும் சிரித்தார்கள். ஆறாவது வருஷம் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது டாக்டரம்மாவின் அறையில், வெளிச்சப் பலகையில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்குத் தாமதத்தின் காரணம் சொல்லப்பட்டது.

படம் போன மாதம் வேறொரு இடத்தில் எடுத்தது. சாயம் செலுத்தி எடுத்தார்கள். எடுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையில் இருந்த மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இது கருப்பை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போறது குழாய்," என்றார் டாக்டரம்மா, பேனாவின் பின்பக்கத்தால் தொட்டு. "சாயம் இந்தப் பக்கம் போகவே இல்லை பாருங்க. அடைச்சிருச்சு. அந்தப் பக்கம் மெல்லிசா ஒரு கோடு போகுது. அது ஒண்ணுதான் மிச்சம்."

"எதனால டாக்டர்?"

"கிளமிடியான்னு ஒரு கிருமி. போன வாரம் எடுத்த சோதனையில இருக்குன்னு வந்திருக்கு. உடலுறவுல பரவுறது. ஆம்பளைக்காவது சில சமயம் எரிச்சல் கிரிச்சல்னு காட்டிக் கொடுக்கும். பொம்பளைக்குப் பெரும்பாலும் மூச்சே விடாது. உள்ளுக்குள்ள இருந்து புண்ணாக்கி, தழும்பாக்கி, வழியை அடைச்சிட்டுப் போயிடும்."

மைக்குவின் காதில் முதல் வாக்கியத்துக்கு அப்புறம் எதுவும் சரியாக விழவில்லை. அவள் மனசு நேராகப் பழைய டிக்கெட் கவுண்டருக்குப் போய் நின்றது. கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், கவுண்டரில் ஒருவர் இருந்தார். சில்லறை கொடுக்கும்போது விரலைத் தொடுகிறவர். தொட்டதில் ஆரம்பித்து ஒரு மழைக்காலம் முழுக்க நீடித்து, அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதில் முடிந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"யார்கிட்ட இருந்து யாருக்குன்னு இதுல தெரியுமா டாக்டர்?"

"கிருமி அனுப்புநர் முகவரி எழுதிக்கிட்டு வராதும்மா. யாருக்கு வேணா யார்கிட்ட இருந்து வேணா வந்திருக்கலாம், எப்ப வேணா. அதைத் தோண்டுறதுல பிரயோஜனம் இல்லை. இப்ப மருந்து முக்கியம். வீட்டுக்காரர் சோதனை பண்ணிக்கிட்டாரா?"

"பண்ணிக்கிட்டார். எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம்."

"இருந்தாலும் சாப்பிடணும். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல, ஒரு வாரம், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. அது முடிஞ்சு நான் சொல்ற வரைக்கும் தள்ளி இருங்க. ஒருத்தர் சாப்பிட்டு ஒருத்தர் சாப்பிடலைன்னா, தரையைத் துடைச்சிட்டு உடனே செருப்போட நடக்கிற மாதிரி. மறுபடி வந்துதுன்னா அந்த மிச்சக் கோடும் போயிடும். புரியுதா? அவரைக் கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

"அவருக்கு லீவு கிடைக்காது டாக்டர். நானே சொல்லிக்கிறேன்."

"சொல்லிடுவீங்கள்ல?"

"அறிவிப்புதானே டாக்டர் என் தொழிலே," என்றாள் மைக்கு. டாக்டரம்மா சிரித்தார். கர்ப்பம் இல்லை என்று சோதித்துவிட்டு, இந்த மாத்திரை கர்ப்பத்தில் ஆகாது என்பதால்தான் சோதித்ததாகச் சொல்லி, இருவருக்கும் எழுதிக் கொடுத்தார்.

மைக்குவின் கணவர் ஒரு பெரிய தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய அம்மாகூடக் கோபம் வந்தால் "என்ன மாஸ்டரே" என்பார். பெரிய பாத்திரத்தில் உப்புக் குறைந்தால் வாசனையிலேயே கண்டுபிடிக்கிற மனுஷன். வீட்டில் கொஞ்சம் அசடு. பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்பி வருவார். அவர் மேல் மைக்குவுக்கு இருந்த பிரியம் அந்தத் திருப்பிப் போட்ட பனியனில்தான் தொடங்கியது என்று சொல்லலாம்.

இந்த மனுஷனிடம் போய், 'உங்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தார், அவர் போனாலும் அவர் விட்டுப்போனது போகவில்லை, அது உங்களுக்கும் வந்திருக்கலாம், உங்கள் பிள்ளை வருகிற வழியையும் அடைத்துவிட்டது' என்று எப்படிச் சொல்வது? சுவர் மெல்லிசான வீடு வேறு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் இருந்து மாமியார் "நூறு வயசு" என்பார்.

அன்று சாயங்காலம் அவள் நாலு தடவை வாயைத் திறந்தாள். முதல் தடவை மாமியார் வெங்காயம் கேட்டார். இரண்டாம் தடவை மாஸ்டர் அவளைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். மூன்றாம் தடவை அவளுக்கே கொட்டாவி வந்தது. நாலாவது தடவை, "எனக்கு இடுப்பு பிடிச்சிருக்குங்க, ஒரு வாரம் தனியாப் படுத்துக்கிறேன்," என்றாள்.

"அதுக்கென்ன, எனக்கும் இந்த வெக்கைக்குத் தரையில படுத்தாத்தான் தூக்கம் வருது," என்றார் மாஸ்டர் அவசரமாக.

இரண்டு சாக்குகளும் நடுக்கூடத்தில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன. ஏன் இவ்வளவு சுலபமாக முடிந்தது என்று மைக்கு அப்போது யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்றிருப்பவர்கள் யோசிப்பதில்லை.

மாத்திரை? சாப்பாட்டில் கலப்பது நடக்காது. அந்த நாக்கு ஒரு மிளகு கூடினாலே விசாரணைக் கமிஷன் வைக்கும். அதனால் காலையில் தண்ணீரோடு நீட்டினாள். "பூச்சி மாத்திரை. வீட்ல எல்லாரும் ஒரே சமயத்துல சாப்பிட்டாத்தான் பூச்சி போகுமாம். ஒரு வாரம் சாப்பிடணும்."

மாஸ்டர் உள்ளங்கையில் வைத்து அந்தப் பச்சை மாத்திரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது.

"அம்மாவுக்கு?"

"அத்தைக்கு வேற மாத்திரை. வயசுக்குத் தகுந்த மாதிரி."

"சரிம்மா," என்று வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். 'ம்மா' என்று அவர் சொல்வது அபூர்வம்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. பாத்திரம் கழுவினார். அவளுடைய செருப்பின் வாரைத் தைத்து வைத்தார். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஒரு டம்ளர், அவளுக்கென்று பால் காய்ச்சி, ஏலக்காயும் தேனும் போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். அடியில் லேசாக ஒரு கசப்பு தட்டியது. தேன் பழசு என்று நினைத்துக்கொண்டாள். இவருக்குப் போய்ப் பூச்சி மாத்திரை என்று பொய் சொன்னோமே என்று, பாலின் கடைசிச் சொட்டு வரை நன்றியாகக் குடித்தாள்.

"பெத்தவளுக்கு ஒரு வாய் வெந்நீர் வெச்சுக் குடுத்ததில்லை," என்றார் மாமியார் கூடத்திலிருந்து. "பொண்டாட்டிக்கு ஏலக்காய் தட்டுறான். உனக்கு என்னடா குறை? சோதனையில எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க. நீ எதுக்குப் பயந்து சாகிறே?"

மாஸ்டர் டம்ளரைக் கழுவினார்.

மூன்றாம் நாள் காலை மைக்கு வாந்தி எடுத்தாள். மதியம் கூண்டில், அஞ்சாவது மேடை வண்டியை அறிவிக்கிற நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் வீட்டில் மறுபடி. மாமியார் குளியலறை வாசலில் நின்றுகொண்டு கவனமாகக் கேட்டார், பாட்டுக் கச்சேரியில் சுருதி பார்க்கிறவர் மாதிரி.

"நாள் தள்ளியிருக்கா?"

"கொஞ்சம் அத்தை. ஆனா மூணு நாளைக்கு முன்னாடிதான் பார்த்தாங்க. இல்லைன்னாங்க."

"அவங்க அவசரப்பட்டுப் பார்த்திருப்பாங்க. எனக்கு உன் புருஷன் தங்கினப்போ ஒருத்தரும் நம்பலை. அஜீரணம்னு கஷாயம் குடுத்தாங்க."

மாமியார் அவள் முகத்தைத் தம் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். 'மைக்கு' என்று சொல்லவில்லை. "உட்காரு தாயி," என்றார். ஆறு வருஷத்தில் அந்தக் கை அவள் கன்னத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உண்மை என்னவென்று தெரிந்திருந்தும், படத்தை இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தும், அந்தக் கை பட்டதும் மைக்கு நம்பத் தொடங்கினாள். ஒரு கோடு மிச்சம் இருக்கிறதல்லவா? மெல்லிசுதான். ஆனால் வருகிற ஆளும் சின்ன ஆள்தானே.

இந்த மாத்திரை கர்ப்பத்தில் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மைக்கு மிச்ச மாத்திரைகளை எடுத்து, குளிர்காலத்துப் போர்வைகளுக்கு நடுவில் செருகிவிட்டாள். மாஸ்டரிடம், "போதும், பூச்சி போயிருக்கும்," என்றாள்.

மாஸ்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. அம்மா விஷயத்தைச் சொன்னபோது வெளிறிப்போனார். "கர்ப்பமா? இப்பவா?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலப் பாலைக் காய்ச்சவே இல்லை. ஆண்களுக்குப் பொறுப்பு வந்தால் இப்படித்தான் கலங்குவார்கள் என்று மாமியார் விளக்கம் சொன்னார்.

வாந்தி நின்றது. ஆனால் அடிவயிற்றில் வலி தொடங்கியது. இரண்டு நாள் அதையும் நல்ல அறிகுறி என்றே வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்ததும், மாஸ்டர் வேலைக்குப் போகாமல் அவளை வண்டியில் உட்கார வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். பனியன் திருப்பிப் போட்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். மைக்கு கத்திவிட்டாள். சோதனை முடிந்து வந்து உட்கார்ந்ததும், "கர்ப்பம் இல்லை," என்றார். மழை வரவில்லை என்று சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். "கிருமி அப்படியே இருக்கு. மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"மூணு நாள் சாப்பிட்டேன். வாந்தி வந்துது. அதனால... தங்கியிருக்குமோன்னு நிறுத்திட்டேன்."

"வாந்தி அந்த மாத்திரைக்கு வரும்தான். ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா ரெண்டு மடங்கு விழுங்கின மாதிரி இல்ல இருக்கு? வெறும் வயித்துல சாப்பிட்டீங்களா? கூட வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். பால்தான்."

மூலையில் நின்றிருந்த மாஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பால்ல நான் போட்டேன்," என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன போட்டீங்க?"

"அதே மாத்திரை. எனக்குச் சோதனையில வேற மாதிரிதான் சொன்னாங்க டாக்டர். வீட்ல பொய் சொன்னேன். எனக்கு ஒரு வாரம், அவளுக்கு ஒரு வாரம்னு வாங்கிட்டு வந்தேன். சொல்ல வாய் வரலை. பிரிச்சு, தூளைப் பால்ல கலந்து... கசப்பு தெரியாமத்தான் கலந்தேன்."

கடைசி வாக்கியத்தில் தன்னையறியாமல் ஒரு தொழில் பெருமை எட்டிப் பார்த்துவிட்டது. டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த மருந்தைப் பாலோட சேர்த்தா வேலை செய்யறது குறையும் சார். நீங்க கலந்ததும் சரியா வேலை செஞ்சிருக்காது, அவங்க தனியாச் சாப்பிட்டதையும் அந்தப் பால் கெடுத்திருக்கும். பலன் ரெண்டுக்கும் சேர்த்துப் பாதிகூட இல்லை, வாந்தி மட்டும் முழுசா." அவர் மைக்கு பக்கம் திரும்பினார். "இன்னைக்கு ஊசி போடறேன். நாளையில இருந்து ரெண்டு பேரும் முதல்ல இருந்து. தண்ணியில. ஒருத்தர் சாப்பிடறதை இன்னொருத்தர் பார்க்கணும்."

"அந்த மிச்சக் கோடு, டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. ஆறட்டும். சில மாசம் கழிச்சுத்தான் மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம்."

வீட்டுக்குப் போனால் மாமியார் வாசலில் நிற்பார். பேச வேண்டியதோ நிறைய இருந்தது. ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கினதும், "நிலையத்துக்கு விடுங்க," என்றாள் மைக்கு. அவர்களுடைய வாழ்க்கையில் சத்தம் வெளியே போகாத அறை ஒன்று இருந்ததென்றால், அது அறிவிப்புக் கூண்டுதான். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடித்தது. அங்கே வேலையில் இருந்த பெண்ணை, "நான் பார்த்துக்கிறேன், நீ போய்ச் சாப்பிட்டு வா," என்று அனுப்பினாள். சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

மாஸ்டர் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். பாதிதான் அதில் இருந்தது.

"கல்யாணமான புதுசுல, புது கேன்டீன் திறக்க வெளியூர் அனுப்பினாங்கல்ல. அங்க ஒருத்தி. ஒரே ஒரு தடவை. ஒரு தடவைன்னு சொன்னா குறைஞ்சிடுமா என்ன."

மைக்கு ஒலிபெருக்கியின் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு விளக்கைப் போட்டாள். "இரண்டாவது மேடையிலிருந்து புறப்பட வேண்டிய வண்டி சற்றுத் தாமதமாகப் புறப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." குரல் பிசகவில்லை. விளக்கை அணைத்தாள்.

"பூச்சி மாத்திரைன்னு நீ நீட்டினியே," என்றார் மாஸ்டர், "பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. நான் சாப்பிடற அதே பச்சை. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்காம, என் மானத்தைக் காப்பாத்தி, மாத்திரையை மட்டும் குடுக்கிறாளேன்னு... உன்னோடதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு என்னோடதைச் சாப்பிட்டேன். ராத்திரி எல்லாம் அழுகை. உன்னை மாதிரி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா? நீ தெய்வம்."

அவர் கும்பிடப் போகிறவர் மாதிரி இருந்தார்.

மைக்கு அவரைப் பார்த்தாள். எவ்வளவு வசதியான இடம் அது. ஏறி உட்கார்ந்தால் போதும். மாமியார் இனி அவளை ஒன்றும் கேட்க முடியாது. ஆறு வருஷக் கேள்விக்கெல்லாம் பதில் ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. கவுண்டர்காரர் எந்த ஊரில் யாருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ, அவரும் பிழைத்துப்போவார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் வாயைத் திறக்காமல் இருந்ததில்தான் அந்த ஒரு கோடு இன்றைக்கு எப்படி இருக்கிறதென்று தெரியாமல் போயிருந்தது. இவரும் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை.

"நான் தெய்வம் இல்லைங்க," என்றாள். "எனக்கு உங்க விஷயம் தெரியவே தெரியாது. என் விஷயத்தை மறைக்கத்தான் பூச்சி மாத்திரைன்னேன்."

"உன் விஷயமா?"

"உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடி. இங்கதான், கவுண்டர்ல ஒருத்தர். என்னாலதான் உங்களுக்கு வந்துதுன்னு நினைச்சேன். இப்பவும் யாரால யாருக்குன்னு தெரியாது. டாக்டரே சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

கண்ணாடிக்கு வெளியே இரண்டாவது மேடையில் ஜனங்கள் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கவுண்டர்?" என்றார் மாஸ்டர்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியலை. கேட்கணும் போல இருந்துது." எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "கோவம் வருது. கோவப்பட எனக்கு யோக்கியதை இல்லைன்னும் தெரியுது. ரெண்டும் சேர்ந்து வந்தா என்ன பண்றதுன்னு தெரியலை."

"எனக்கும் அதேதான்," என்றாள் மைக்கு. "உங்களோடது கல்யாணத்துக்கு அப்புறம். அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க. நான் தெய்வம் இல்லைன்னேன், மறந்துட்டேன்னு சொல்லலை."

அவர் தலையாட்டினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் அவளுக்குக் காத்துக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

வீட்டில் மாமியார் கதவைத் திறந்ததும் அவள் வயிற்றைத்தான் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

மாஸ்டர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தார். மைக்குவின் நாக்கு நுனியில் அந்தத் தேன் வாக்கியம் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"குழந்தை இல்லை அத்தை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நோய். படுக்கையில ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வர்ற நோய். அதனாலதான் இத்தனை வருஷமும். ஒரு பக்கம் அடைச்சிருச்சு. இன்னொரு பக்கம் இருக்கான்னு இனிமேதான் தெரியும்."

மாமியாரின் கை அவள் கன்னம் வரை வந்தது, பாதியில் நின்றது. "ரெண்டு பேருக்குமா?" என்று மகனைப் பார்த்தார். "நல்லா இருக்குன்னியேடா."

"பொய் சொன்னேன்மா."

மாமியார் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு எழவில்லை. மெல்லிய சுவர் என்பதால், பாலையும் மாத்திரையையும் பற்றி இருவரும் கிசுகிசுத்தது அவருக்குக் கேட்டது, அவர் தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

காலையில் மைக்கு எழுந்து வந்தபோது, மேசையில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தது. சாப்பாடும் வைத்திருந்தது. பால் பாத்திரம், எட்டாத மேல் தட்டில், கவிழ்த்து வைத்திருந்தது.

"சாப்பிட்டுட்டு முழுங்குங்க," என்றார் மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "மைக்கு, உனக்குத்தான். வெறும் வயித்துல போட்டு மறுபடி என் உசிரை எடுக்காதே."

சாப்பிட்டார்கள். மாஸ்டர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை என்பதை முறையாகப் பார்த்தாள். தன் மாத்திரையைப் போட்டு, விழுங்கி, அவளும் வாயைத் திறந்தாள். அவர் குனிந்து, உப்புப் பார்க்கிற கவனத்தோடு பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார்.

"நாளைக்கும் பார்க்கணும்," என்றாள் அவள்.